சிறுநீரக நோயும் எலும்பு நலமும்



பல ஆண்டுகளாக இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெற்றுவரும் தாயார் ஒருவர், "எலும்பெல்லாம் வலிக்கிறதப்பா" என்கிறார். மகன் உடனே கடைக்குச் சென்று, சுண்ணாம்புச் சத்து மிகுந்த பால் மாவு ஒரு டின் வாங்கி வந்து, காலையும் மாலையும் கரைத்துக் கொடுக்கிறார். நம்மில் பலரும் இதைத்தான் செய்வோம். ஆனால், அந்தத் தாயாருக்கு அந்தப் பாலே கேடாக முடியலாம். ஏன் என்பதைப் பார்ப்போம்.

கழிவை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை என்பதை நாம் அறிவோம். அது எலும்புக்கும் காவலாக இருப்பது பலருக்குத் தெரியாது. உணவிலிருந்து வரும் பாஸ்பரஸில் மிஞ்சியதை அது வெளியேற்றுகிறது. வைட்டமின் டி சத்தை உடல் ஏற்கும் வடிவத்திற்கு மாற்றுகிறது. இச்சத்து இல்லாவிட்டால் குடல் சுண்ணாம்பைச் சரிவர உறிஞ்சாது.

சிறுநீரகம் செயலிழந்ததும் இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறுகிறது, சுண்ணாம்பு இறங்குகிறது. நம் கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. இவை பாராதைராய்டு சுரப்பிகள். இரத்தத்தில் குறைந்த சுண்ணாம்பை ஈடுகட்ட இவை ஒரு சுரப்புநீரை மிகுதியாகச் சுரந்து, எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கச் செய்கின்றன. உடலிலுள்ள சுண்ணாம்பில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. வங்கியில் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? எலும்பு வலுவிழக்கிறது, சிறிய வீழ்ச்சியிலும் முறிகிறது. சுண்ணாம்பும் பாஸ்பரஸும் சேர்ந்து இரத்தக் குழாய்ச் சுவர்களில் படிந்து இதயத்தையும் பாதிக்கின்றன. வலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இவை தொடங்கிவிடுகின்றன.

"இயந்திரம்தான் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். ஒரு நாள் உணவில் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால், சுமார் 600 உடலில் சேரும். வாரத்திற்கு 4,200. நான்கு மணி நேரச் சிகிச்சை ஒன்றில் வெளியேறுவது சுமார் 800. வாரம் மூன்று முறைக்கு 2,400. மீதி உடலிலேயே தங்குகிறது.

இந்த மீதியைக் குறைக்கத்தான் மருத்துவர் பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரை தருகிறார். அது வயிற்றில் உணவோடு கலந்து, பாஸ்பரஸைப் பற்றி, மலத்தோடு வெளியேற்றுகிறது. ஆகவே அதை உணவோடுதான் உட்கொள்ள வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கினால் பெரும்பயன் இராது. விருந்துக்குப் போகும்போதும் மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும்.

உணவிலும் கவனம் வேண்டும். பால் மாவு, பாலாடைக்கட்டி, முள்ளோடு தின்னும் நெத்திலி, கடலை ஆகியவற்றில் பாஸ்பரஸ் மிகுதி. சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியிலும் கறுப்பு நிறக் கோலா பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் உடலில் சேர்ந்துவிடும். அதற்காக மீன், கோழி, முட்டை அனைத்தையும் விட்டுவிடக் கூடாது. சிகிச்சை பெறுவோருக்குப் புரதம் மிகவும் தேவை. எவ்வளவு என்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டறிய வேண்டும்.

சுண்ணாம்பு மாத்திரை, வைட்டமின் டி, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றை நாமாக வாங்கிக் கொடுக்கலாகாது. சில வயிற்றெரிச்சல் மருந்துகளில் அலுமினியம் உண்டு. சிறுநீரகம் வெளியேற்ற இயலாத அலுமினியம் எலும்பையும் மூளையையும் தாக்கும்.

மருத்துவர் சொல்லும் காலத்தில் சுண்ணாம்பு, பாஸ்பரஸ், பாராதைராய்டு சுரப்புநீர் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்வோம். இயன்ற அளவு நடப்போம். குளியலறைத் தரையை ஈரமின்றி வைப்போம்.

அந்த மகனின் பாசத்தில் குறையில்லை. தாயார் உணவுக்கு அமரும்போது மாத்திரையை எடுத்துத் தட்டின் அருகில் வைக்கட்டும். அவருடைய எலும்புக்கு அதுவே உற்ற துணை.