ஆங்கிலேயர் வகுத்த கல்வியும் இந்தியர் அளித்த விடையும்

சென்ற தவணையில் ஒரு நாள், எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், வெள்ளைக்காரர் வராமல் விட்டிருந்தால் இந்தியாவிலை பள்ளிக்கூடமே இருந்திராதாம். உண்மையோ?" என்று வினவினாள். பக்கத்து வாங்கிலிருந்த மாணவனோ, "இல்லை சேர், இருந்த பள்ளிக்கூடங்களை அழிச்சதே அவையள்தான் எண்டு அப்பா சொன்னவர்" என்றான். நாம் விடைகூறத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. அன்று கூறாது விட்ட விடையை, அவ்விருவருக்கும் ஏனைய மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் இவ்வாண்டு மலரின் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

திண்ணைப் பள்ளிகள்

ஆங்கிலக் கும்பினியார் தென்னாட்டில் வேரூன்றிய காலத்தில் ஊர்தோறும் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. திண்ணை என்பது வீட்டின் முன்புறத்தே உயர்த்திக் கட்டப்பட்ட மேடை. அங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னர் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். எண்சுவடியையும் நீதிநூல்களையும் மனனஞ் செய்தனர். சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான். ஊரவர் கொடுக்கும் நெல்லும் காசுமே ஆசிரியருக்கு ஊதியமாயின.

சென்னை மாகாண ஆளுநராயிருந்த தோமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் ஏறத்தாழ 188,000 மாணவரும் இருந்தனர். ஏறக்குறைய ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே, ஆங்கிலேயர் வருமுன் பள்ளிக்கூடமே இல்லையென்பது தவறாகும்.

இம்முறை கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றை நடத்திய அன்றூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அவ்வழக்கத்தைத் தமது பள்ளியிலும் கைக்கொண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் இதுபற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளிற் பரவியது.

எனினும், பழைய பள்ளிகளின் குறைகளை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. மன்றோவின் கணக்கிற் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகள் எட்டாதவை. பெல்லாரி மாவட்ட ஆட்சியராயிருந்த கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கையில், பிள்ளைகள் செய்யுளைப் பொருள் விளங்காமலே ஒப்புவிக்கின்றனர் என்றார். அதே அறிக்கையில் அவர் வேறோர் உண்மையையும் மறைக்காது எழுதினார். ஐரோப்பியத் துணியின் வரவால் நெசவு நலிந்தது. நாட்டின் செல்வம் வெளியேறியது. வறுமையுற்ற பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பினர். திண்ணைப் பள்ளிகள் ஒருநாளில் இடிக்கப்பட்டவையல்ல. அவற்றைத் தாங்கிய ஊர்கள் ஏழ்மையுற, அவையும் மெலிந்தன.

ஓர் இலட்சம் ரூபாய்

1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம், இந்தியரின் கல்விக்கென ஆண்டுதோறும் ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறையாது ஒதுக்குமாறு கும்பினியாரைப் பணித்தது. அப்பணத்தை வடமொழி, அரபு, பாரசீகக் கல்விக்குச் செலவிடுவதா, ஆங்கிலக் கல்விக்குச் செலவிடுவதா என்று இருபது ஆண்டுகள் வாதம் நடைபெற்றது. மக்கள் வீட்டிற் பேசிய மொழிகளோ அவ்வழக்கில் ஒரு கட்சியாகக்கூட நிற்கவில்லை.

வாதத்தை முடித்துவைத்தவர் மக்காலே. தமக்கு வடமொழியும் அரபும் தெரியாவென ஒப்புக்கொண்டே, அவற்றின் நூல்களை இழித்து 1835 பெப்ரவரி 2இல் அவர் தமது குறிப்பை எழுதினார். எல்லோருக்கும் கற்பிக்கப் பணமில்லை. ஆகவே ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராய் நிற்கும் ஒரு சிறு வகுப்பாரை ஆங்கிலத்தின் வழியே உருவாக்கவேண்டும் என்பது அவர் வாதம். அவர்கள் கருத்திலும் விருப்பு வெறுப்பிலும் ஆங்கிலேயரை ஒத்தவராதல் வேண்டுமென அவர் கருதினார். அவர்கள் வாயிலாக அறிவு பின்னர் பொதுமக்களுக்கு இறங்கும் என்பது எதிர்பார்ப்பு. பென்டிங் பிரபு அடுத்த மாதமே இதனை ஏற்றார்.

1844இல் ஹார்டிஞ் பிரபு, ஆங்கிலம் கற்றோர்க்கே அரச பதவிகளில் முன்னுரிமை என அறிவித்தார். அன்றுமுதல் ஆங்கிலம் சோறு தரும் மொழியாயிற்று. 1854இல் சார்ள்ஸ் வூட் அனுப்பிய கட்டளை, பொதுமக்களுக்கு நாட்டுமொழிகளிற் கற்பிக்கவேண்டுமெனக் கூறியதாயினும், பணமும் மதிப்பும் உயர்கல்வியின் பக்கமே சாய்ந்தன. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவை பல அறிஞர்களைத் தந்தன என்பதை மறுத்தலாகாது. ஆனால் மேலிருந்து இறங்குமென்ற அறிவு கீழே வந்து சேரவில்லை. விடுதலைக்குப் பின் 1951இல் எடுத்த கணக்கில், இந்தியரில் ஐந்தில் ஒருவருக்குக்கூட எழுத்தறிவு இருக்கவில்லை.

இந்தியர் அளித்த விடை

இந்தியர் இதனை வாளாவிருந்து ஏற்றனர் என்றோ, ஒருமுகமாக எதிர்த்தனர் என்றோ எண்ணுதல் பிழை. மக்காலேக்கு முன்பே, 1823இல் இராம்மோகன் ராய், கல்கத்தாவில் அரசு வடமொழிக் கல்லூரி அமைப்பதை மறுத்து ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். கணிதம், இரசாயனம், உடற்கூற்றியல் முதலிய பயன்தரு கல்வியே வேண்டுமென அவர் கேட்டார். அவர் நாடியது அறிவை, அடிமைத்தனத்தையன்று.

1848இல் பூனாவில் ஜோதிராவ் பூலே பெண்களுக்கென ஒரு பள்ளி திறந்தார். அவர் துணைவியார் சாவித்திரிபாய் அங்கே ஆசிரியையானார். வழியில் அவர்மீது சேறும் சாணமும் எறியப்பட்டன என்றும், அவர் மாற்றுச் சேலையொன்றைக் கையோடு கொண்டுசென்றார் என்றும் கூறுவர். 1882இல் அமைந்த ஹன்டர் ஆணைக்குழுவின் முன் பூலே, உழவர் கொடுக்கும் வரிப்பணம் மேற்குலத்தாரின் உயர்கல்விக்கே செல்கின்றதென்று முறையிட்டார். ஆட்சியாளரையும் தம் சமூகத்தாரையும் ஒருங்கே வினவிய குரல் அது.

அதே 1848இல், எமது யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரிமாரின் பள்ளியிற் பணியாற்றி, வகுப்புமுறையையும் அச்சுப் பாடநூலின் பயனையும் அறிந்தவர் அவர். அம்முறைகளைக் கொண்டே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாலபாடங்கள் எழுதினார். 1864இல் தமிழகத்துச் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார். சாதி விடயத்தில் அவர் பூலேயைப்போலப் பழைமையை உடைத்தவரல்லர். ஆயினும் நல்ல தமிழ் உரைநடையிற் பாடநூல் அமைத்த பெருமை அவருக்குரியது. வங்கத்தில் ஈஸ்வர சந்திர வித்தியாசாகர் 1855இல் தாம் எழுதிய அரிச்சுவடியால் இதனையொத்த பணியைச் செய்தார்.

கோபால கிருஷ்ண கோகலே 1911இல் கட்டாய ஆரம்பக் கல்விக்கான சட்டமூலத்தைச் சட்டசபையில் முன்வைத்தார். அடுத்த ஆண்டு அது தோற்கடிக்கப்பட்டது. தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தில் மரநிழலிற் பள்ளி தொடங்கினார். காந்தியடிகள் 1920இல் குஜராத் வித்தியாபீடத்தை நிறுவினார். 1937இல் வார்தாவில், கைத்தொழிலோடு இணைந்த ஏழாண்டுத் தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தினார்.

இவற்றோடு ஒரு தந்தையின் விடையையும் கூறவேண்டும். அரச பதவியிலிருந்த அவர், தம் மகனை முதலில் ஊரிலுள்ள வங்காளிப் பள்ளிக்கே அனுப்பினார். ஆங்கிலம் அதன் பின்னரே. 1895இல் கல்கத்தாவில் கம்பியில்லா மின்னலைகளைச் செலுத்திக் காட்டிய ஜகதீஸ் சந்திர போஸ்தான் அம்மகன். தாய்மொழியில் தொடங்கியமையால் அவர் அறிவியலிற் பின்தங்கவில்லை.

நமது நிலை

மாணவச் செல்வங்களே! மக்காலே விரும்பிய மொழிபெயர்ப்பாளர் வேலையை இன்று நம் வீடுகளில் நீங்களே செய்கின்றீர்கள். வீட்டுக்கு வரும் கடிதத்தை வாசித்துப் பொருள் கூறுவதும், வைத்தியரிடம் அம்மம்மாவின் நோவை எடுத்துரைப்பதும் நீங்களே.

நாம் ஊரிலே பல்லாண்டு கரும்பலகையின் முன் நின்றவர்கள். அகதியாய் இந்நாட்டுக்கு வந்த புதிதில், அலுவலகமொன்றில் எமக்காகப் பேச, தெரிந்தவர் வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். 'சத்தியக்கடதாசி' என்று நாம் கூறிய சொல் அவனுக்கு விளங்கவில்லை. உண்மையென்று ஆணையிட்டு ஒப்பமிடும் பத்திரம் அது என்று விளக்கினோம். சிறிது யோசித்து, இந்நாட்டு மொழியில் உரிய சொல்லைக் கண்டு அதிகாரியிடம் கூறினான். அன்று எமது விண்ணப்பம் அச்சொல்லிலேயே தங்கியிருந்தது. எமது விளக்கத்தைப் பற்றிக்கொள்ள அவனிடம் தமிழ் இருந்தமையால் நாம் தப்பினோம்.

மக்காலே விரும்பியவர், தம் மக்களிடமிருந்து மனத்தால் விலகிய மொழிபெயர்ப்பாளர். எமக்கு வேண்டியவர், இரு பக்கத்தாரையும் அறிந்து இரு பக்கத்தாராலும் நம்பப்படுபவர். தமிழ் நழுவினால் அவ்வேலையும் நழுவிவிடும். அதன்பின் அம்மம்மாவின் நோவை யார் எடுத்துரைப்பார்?

பெற்றோரே! இந்நாட்டு மொழியைப் பிள்ளைகள் திறம்படக் கற்கட்டும். இராம்மோகன் ராய் கேட்டதும் அத்தகைய அறிவையே. அதற்காக வீட்டிலே தமிழை நிறுத்தவேண்டியதில்லை. நம்முடையது வாரத்தில் ஒரு நாள் கூடும் பாடசாலை. மற்றைய ஆறு நாளும் பாடசாலை உங்கள் வீடே.

வினவிய மாணவிக்கும் மாணவனுக்கும் ஒரு சொல். உங்கள் இருவர் கூற்றும் முழு உண்மையன்று. பள்ளிகள் இருந்தன, அவை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஆங்கிலேயர் புதிய கல்வி தந்தனர். அது சிலருக்கே தரப்பட்டது. விடுபட்டவர்களுக்காகப் பள்ளி திறந்தவர்கள், அரசு தரும்வரை காத்திராத சாதாரண ஆசிரியர்களும் பெற்றோர்களுமே. வாடகை மண்டபத்தில், மடக்குக் கதிரைகளைத் தாமே விரித்து, உங்கள் பெற்றோர் நடத்தும் இப்பாடசாலையும் அவ்வரிசையிற் சேர்ந்ததே. அடுத்த வகுப்பில் மணி அடிக்குமுன் இன்னும் வினவுங்கள்; நாம் காத்திருப்போம்.