கண்ணுக்குள்ள லென்ஸ்: பில்லை இன்சூரன்ஸ் கட்டுமா, நீங்க கட்டணுமா?



சீசன் நேரத்துல கீழப்பாவூர்ல இருந்து குற்றாலத்துக்கு பைக்ல போனா, சாரல் கண்ணாடில படிஞ்சு ரோடே தெரியாது. மைனஸ் எட்டு, ஒன்பதுன்னு பவர் இருக்கவங்க கண்ணாடியைக் கழட்டவும் முடியாது. அதனால, வேலைக்குப் போய் கையில நாலு காசு சேர்ந்ததும் ஆபரேஷன் பண்ணிக்கலாமான்னு தோணுறது நியாயம்தான். ஆனா தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி 7.5ங்கற ஒரு எண்ணைத் தெரிஞ்சுக்கோங்க.

ஐசிஎல்னா என்ன?

லாசிக்ல கருவிழியை லேசரால செதுக்குவாங்க. பவர் ரொம்ப அதிகமா இருந்தாலோ, கருவிழி மெல்லிசா இருந்தாலோ அது ஒத்துவராது. ஐசிஎல்ல செதுக்குற வேலை இல்லை. உங்க இயற்கை லென்ஸ் அப்படியே இருக்க, அதுக்கு முன்னாடி ஒரு மெல்லிய லென்ஸை வைப்பாங்க. தேவைப்பட்டா எடுத்துடலாம். பொதுவா 21 வயசு முடிஞ்சு, ஒரு வருஷமா பவர் பெருசா மாறாம இருக்கணும்.

அந்த 7.5 எங்க இருந்து வந்துச்சு?

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019ல பொதுவான விலக்குகளை வரையறுத்துச்சு. உங்க பாலிசில 'எக்ஸ்க்ளூஷன் 15'ஐத் தேடிப் பாருங்க. 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யுற செலவு கிடைக்காதுன்னு இருக்கும். 7.25ன்னா உங்க பணம். 7.5 அல்லது அதுக்கு மேலன்னா, இந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

அதுக்காக உடனே பணம் வந்துடும்னு அர்த்தமில்லை. இதையெல்லாம் பாருங்க:

- சொந்த பாலிசியா? ஏற்கனவே இருந்த குறைபாட்டுக்கு அதிகபட்சம் 36 மாசம் காத்திருப்புக் காலம் இருக்கலாம். பாலிசி எடுக்கும்போதே பவரைச் சொல்லியிருக்கணும்.
- கம்பெனி குரூப் பாலிசியா? பல இடத்துல காத்திருப்பு இருக்காது. எச்ஆர்கிட்ட பாலிசி காப்பியையே கேட்டு வாங்குங்க.
- ஒரு கண் 8, இன்னொண்ணு 6.5ன்னா? ரெண்டுக்கும் கிடைக்குமான்னு ஈமெயில்ல கேட்டு, பதிலை எழுத்துலயே வாங்குங்க.
- லென்ஸ் உங்க கண் அளவுக்கு ஆர்டர் பண்ணி வரணும். அந்த இடைவெளியிலயே கேஷ்லெஸ் முன் அனுமதிக்கு அனுப்பிடுங்க.

ரிப்போர்ட்ல 7.25ஐ 7.5ன்னு மாத்திக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா, கிட்டயே போகாதீங்க. அது மோசடி. பழைய கண்ணாடிச் சீட்டு ஒண்ணு போதும் மாட்டிக்க. நாளைக்கு அப்பாவோட ஹார்ட் ஆபரேஷனுக்குக் கைகொடுக்க வேண்டிய பாலிசியே ரத்தாகலாம்.

வரிச் சலுகை?

உங்க ஆபரேஷன் பில்லுக்கு வரிக் கழிவு கிடையாது. அது இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு, அதுவும் பழைய வரி முறையில மட்டும்தான்.

கைக்காசுன்னா எப்படி?

ரெண்டு கண்ணுக்கும் 1,50,000 ரூபாய்னு ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம். 14% வட்டில 24 மாச பர்சனல் லோன் எடுத்தா, இஎம்ஐ சுமார் 7,200. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 22,850 ரூபாய். அதுவே மாசம் 10,000 ஆர்டில போட்டா 15 மாசத்துல பணம் ரெடி, வட்டியும் உங்களுக்கு. இது அவசர ஆபரேஷன் இல்லை. எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்காதீங்க.

வருஷாவருஷம் செக்கப் செலவையும் சேர்த்துக்கோங்க. கண் அழுத்தம், லென்ஸ் இருக்கிற இடைவெளி எல்லாம் பார்க்கணும். பவர் சரியானாலும் விழித்திரைக்கு இருக்கிற ரிஸ்க் போகாது. 40 வயசுக்கு மேல படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். பின்னாடி கண்புரை வந்தா இந்த லென்ஸை எடுத்துட்டுத்தான் அந்த ஆபரேஷன்.

முதல்ல செய்ய வேண்டியது என்ன? திருநெல்வேலி அரவிந்த் மாதிரி ஒரு நல்ல கண் ஆஸ்பத்திரியில முழு பரிசோதனை பண்ணி, ரெண்டு கண் பவரையும் எழுத்துல வாங்குங்க. அந்தச் சீட்டையும் பாலிசியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அட்வான்ஸ் கட்டுறதெல்லாம் அதுக்கப்புறம்.