அரண்மனையில் ஓர் இரவு

மைசூருக்குப் போகிற குடும்பங்களில் தவறாமல் எழும் சர்ச்சை இது. அப்பாவுக்கு லலித மஹாலில் ஒரு நாளாவது தங்கிவிட வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு, அளவான அறைகளும் கண்ணாடிக் குளியலறையும் கொண்ட புது பொட்டிக் ஓட்டல். அம்மாவின் கேள்வி ஒன்றுதான்: வெந்நீர் வருமா?

அப்பாவின் ஆசையில் நியாயம் இருக்கிறது. சாமுண்டி மலையின் அருகே வெள்ளை வெளேரென்று நிற்கும் லலித மஹால், வைஸ்ராய் வந்தால் தங்குவதற்கென்று கட்டப்பட்டது. 1921-ல் அடிக்கல் நாட்டியவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். வடிவமைத்தவர் பம்பாயின் ஈ.டபிள்யூ. ஃபிரிட்ச்லி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் சாயலில் குவிமாடம், இத்தாலியப் பளிங்குப் படிக்கட்டு, நடனக் கூடத்தின் கூரையில் பெல்ஜியம் கண்ணாடி. 1974-ல் ஓட்டலானதும், வாடகை தரக்கூடிய எவரும் வைஸ்ராயின் கூரைக்குக் கீழே தூங்க முடிந்தது.

மகளின் கட்சிக்கு வயது குறைவு. பொட்டிக் ஓட்டல் என்ற மோகத்தைப் பிரபலமாக்கியது நியூயார்க்கில் 1984-ல் திறக்கப்பட்ட மார்கன்ஸ். அறைகள் குறைவு, அலங்காரத்தில் தனி முத்திரை, பெரிய ஓட்டல்களின் அசட்டு ஆடம்பரம் கிடையாது. குழாயும் மின்கம்பியும் புதியவை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நூறாண்டுக் கட்டடத்தில் இவை சுலபமில்லை. உயர்ந்த கூரை கண்ணுக்கு விருந்து. அந்த அறையைக் குளிரூட்டுகிறவருக்கு அது மின்கட்டணம்.

இங்கேதான் சிக்கல். அரண்மனையைப் பார்த்து, நடனக் கூடமாக இருந்த உணவு அறையில் மதியச் சாப்பாட்டை முடித்து, நான்கு புகைப்படம் எடுத்துக்கொண்டு வேறிடத்தில் போய்த் தூங்கினால் பயணிக்கு லாபம்தான். ஆனால் குவிமாடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும் செலவைச் சாப்பாட்டு பில் தாங்காது. அறை வாடகைதான் தாங்க வேண்டும். லலித மஹாலைப் பல ஆண்டுகள் நடத்திய மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், 2018-ல் அதைக் கர்நாடக அரசிடம் ஒப்படைத்தது. பாரம்பரிய ஓட்டல் என்ற அரசு அங்கீகாரத்துக்கான விதியோ, கட்டடம் 1950-க்கு முந்தையதாக இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை கோடி கொட்டினாலும் இனி ஒன்றைப் புதிதாகக் கட்ட முடியாது.

இதற்கு மைசூரிலேயே வேறு வழியும் கண்டிருக்கிறார்கள். மன்னர் குடும்பத்து இளவரசிகளுக்காகக் கட்டப்பட்ட சித்தரஞ்சன் மாளிகை, பின்னர் பிரீமியர் ஸ்டூடியோவாகப் பல படங்களைக் கண்டது. அதை பிரிட்டனின் சாரிட்டீஸ் அட்வைசரி டிரஸ்ட் 'கிரீன் ஓட்டல்' ஆக்கியது. ஆடம்பரம் வேண்டாம், லாபம் அறப்பணிக்கு என்பது ஏற்பாடு. மாளிகைக்குள் இருப்பவை சில அறைகளே; மற்றவை தோட்டத்தை ஒட்டிப் பின்னர் கட்டிய பகுதியில். அப்பாவின் அறையும் மகளின் அறையும் ஒரே வளாகத்தில்!

ஆகவே பழைய மாளிகையில் தங்கப் போகிறவர்கள் தொலைபேசியில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்வது நல்லது. தருகிற அறை பழைய கட்டடத்திலா, பின்னர் கட்டிய பகுதியிலா? அப்புறம், அம்மாவின் கேள்வி. தசரா சமயமானால் இரண்டையும் பல வாரங்களுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.