தாய்மார் வீட்டிலிருந்தே வருவாய் பெறச் சிப்பிக் காளான்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் இலஞ்சி வயல்களில் கார் நடவு மும்முரமாகிவிடும். நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு என்று பெண்களுக்கு அடுத்தடுத்து வேலை இருக்கும். ஊரெல்லாம் ஆள் தேடும் இந்த நேரத்தில்தான் கைக்குழந்தை உள்ள தாய் வீட்டோடு இருந்துவிட நேர்கிறது. காலையில் வயலில் இறங்கினால் நண்பகல் கடந்துதான் கரையேற முடியும். பிறந்த குழந்தைக்கு முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. வெயில் காலமாயிருந்தால் மர நிழலில் தொட்டில் கட்டலாம். சாரலில் வரப்போரம் குழந்தையைக் கிடத்த முடியுமா? கூலியை விடுவதா, குழந்தையை விடுவதா என்ற கேள்விக்குப் பெரும்பாலான தாய்மார் கூலியை விட்டுவிடுகிறார்கள்.

அலுவலகம், ஆலைகளில் பணிபுரியும் தாய்மாருக்கு சட்டப்படி 26 வாரம் வரை ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்புக்குப் பின் நிர்வாகத்துடன் பேசி வீட்டிலிருந்தே பணிபுரியவும் அச்சட்டம் வழி செய்கிறது. நடவுக் கூலிக்குப் போகும் தாய்க்கு இந்த வசதி இல்லை. அவருக்கான வீட்டு வேலையை அவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஏற்ற தொழில்களுள் ஒன்று சிப்பிக் காளான் வளர்ப்பு.

வீட்டு வேலை எல்லாம் ஒன்றல்ல

நெல்லை, தென்காசி மாவட்டப் பெண்களுக்கு வீட்டிலிருந்து உழைப்பது புதிதன்று. சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மாரை இப்பகுதியில் தெருவுக்குத் தெரு காணலாம். குழந்தையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நான்கு காசு சேர்க்க முடிகிறது என்பதே அந்தத் தொழில் இவ்வளவு பரவியதற்குக் காரணம். வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரும் தொழிலாளரே என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டமும் வந்தது.

ஆனால் அந்தத் தொழிலில் குறைகளும் உண்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி தருவதால், எண்ணிக்கை நிறையும்வரை கையை எடுக்க முடியாது. முதுகும் கழுத்தும் வலிக்கும். புகையிலைத் தூள் சுற்றுபவரின் மூச்சில் மட்டுமின்றி, பக்கத்தில் தவழும் குழந்தையின் மூச்சிலும் கலக்கும். இலையும் தூளும் பிறர் கொடுப்பவை. விலையும் பிறர் வைப்பது.

ஆகவே, வீட்டில் செய்வது என்பதாலேயே ஒரு தொழில் தாய்க்கு நல்லதாகிவிடாது. வேலை இடையிடையே நிறுத்தித் தொடரக் கூடியதாக இருக்க வேண்டும். குழந்தைக்குக் கேடு செய்யக் கூடாது. மூலப்பொருள் அருகில் கிடைக்க வேண்டும். விற்ற பணம் தாயின் கைக்கு வர வேண்டும். இந்த நான்கையும் பார்த்தே தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இலஞ்சிக்கு ஏன் ஏற்றது?

சிப்பிக் காளான் பூத்து வளர 23 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 75 முதல் 80 விழுக்காட்டுக்கு மேல் காற்றில் ஈரமும் தேவை. சமவெளி ஊர்களில் ஈரச் சாக்கும் மணலும் போட்டு இந்தக் குளிர்ச்சியை உண்டாக்குகிறார்கள். மலையடிவாரத்தில் உள்ள இலஞ்சி, குற்றாலம், தென்காசிப் பகுதிகளில் ஜூன் முதல் சாரலே இதில் பெரும்பகுதி உதவியைச் செய்துவிடுகிறது.

வைக்கோலும் உள்ளூரிலேயே உண்டு. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார் அறுவடை பெரும்பாலும் மழையை ஒட்டி வருவதால் அந்த வைக்கோல் நனைந்து கறுத்துவிடும். மாசி, பங்குனியில் கிடைக்கும் பிசான வைக்கோல் நன்கு காய்ந்து பொன்னிறமாக இருக்கும். சாரல் காலத்துக்குத் தேவையான அளவை அப்போதே வாங்கி, நனையாமல் படப்பு போட்டு வைத்துக்கொள்வது நல்லது. நனைந்த வைக்கோலும் பழைய வைக்கோலும் காளானுக்கு ஆகா.

படுக்கை தயாரிக்கும் முறை

வைக்கோலை 5 செ.மீ. நீளத் துண்டுகளாக நறுக்கி, 5 மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பின்னர் அண்டாவில் 1 மணி நேரம் வேகவைத்து, நீரை வடித்து, சுத்தமான சாக்கின் மேல் நிழலில் பரப்ப வேண்டும். ஒரு பிடி வைக்கோலை அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். அதுவே சரியான பதம். மருந்துக் கரைசலில் ஊறவைக்கும் முறையும் உண்டு. குழந்தை உள்ள வீட்டுக்கு வேகவைக்கும் முறையே போதும்.

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பாலித்தீன் பையின் அடியைக் கட்டி, நடுப்பகுதியில் 1 செ.மீ. அளவில் இரண்டு துளைகள் இட வேண்டும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஓர் அடுக்கு வைக்கோல், அதன் மேல் ஏறத்தாழ 25 கிராம் காளான் வித்து என மாறி மாறி நிரப்ப வேண்டும். ஐந்து அடுக்கு வைக்கோலும் நான்கு அடுக்கு வித்தும் வரும். வாயை இறுகக் கட்டி உறியில் தொங்கவிட வேண்டும். கோ 1, எம்.டி.யு. 1, எம்.டி.யு. 2 முதலான சிப்பி இரகங்கள் தமிழ்நாட்டில் வளர்க்கப்பட்டு வருகின்றன. வித்து சீராக வெண்மை படர்ந்திருக்க வேண்டும். பச்சை, கறுப்புப் புள்ளி இருந்தால் வாங்கக் கூடாது.

15 முதல் 20 நாளில் பை முழுவதும் வெண்மையாகப் படர்ந்துவிடும். அப்போது பையைக் கிழித்துவிட்டு, படுக்கையை வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறைக்கு மாற்றிக் கைத்தெளிப்பானால் நீர் தெளிக்க வேண்டும். மூன்றாம் நாள் மொட்டுகள் தோன்றும். அடுத்த மூன்று நாளில் பறிக்கலாம். மேற்பரப்பை இலேசாகச் சுரண்டிவிட்டுத் தொடர்ந்து நீர் தெளித்தால் இரண்டாம், மூன்றாம் அறுவடையும் கிடைக்கும். 45 நாளில் ஒரு படுக்கையின் பயன் முடிந்துவிடும். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலிலிருந்து அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை காளான் எதிர்பார்க்கலாம்.

தாயின் நாளுக்குள் அடங்கும் வேலை

இத்தொழிலின் சிறப்பே இங்குதான் உள்ளது. நாள் முழுவதும் கையைக் கட்டிப்போடும் வேலை இது அன்று. விடியற்காலையில், நீர் தெளிக்கும் முன்பு, காளானைப் பறித்து எடை போட வேண்டும். பின்னர் ஒரு முறையும், குழந்தை உறங்கும் பகல் வேளையில் ஒரு முறையும், மாலையில் ஒரு முறையும் நீர் தெளிக்க வேண்டும். சாரல் மிகுந்த நாளில் இதையும் குறைத்துக்கொள்ளலாம். இடையில் குழந்தை அழுதால் எழுந்து போகலாம், காளான் காத்திருக்கும்.

வைக்கோல் வேகவைத்துப் படுக்கை போடுவதே கடினமான வேலை. அதைத் தினமும் செய்யாமல் வாரத்தில் 2 நாள் மட்டும் வைத்துக்கொண்டால் மற்ற நாட்கள் இலகுவாக இருக்கும். காலை 8 மணிக்கு ஊறவைத்தால், 1 மணிக்கு வேகவைத்து, 2 மணிக்குப் பரப்பி, மாலையில் பைகளை நிரப்பிவிடலாம். வாரம் 10 கிலோ உலர்ந்த வைக்கோலை இவ்வாறு பயன்படுத்தி வந்தால், ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பின் வாரந்தோறும் 5 முதல் 10 கிலோ வரை காளான் வந்துகொண்டிருக்கும். எல்லாப் படுக்கைகளையும் ஒரே நாளில் போட்டால் எல்லாம் ஒன்றாகப் பூத்து, விற்க முடியாமல் வீணாகும். புதிதாகத் தொடங்குவோர் முதலில் நான்கைந்து படுக்கை மட்டும் போட்டுக் கைப்பழக்கம் பெற வேண்டும்.

குழந்தை உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியவை

காளான் முதிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத வித்துத் தூள் காற்றில் பறக்கும். இது சிலருக்குத் தும்மல், இருமல், மூச்சுத் திணறலை உண்டாக்கும். எனவே படுக்கும் அறையில் காளான் வளர்க்கவே கூடாது. அந்த அறையில் தொட்டிலும் கட்டக் கூடாது. வீட்டை ஒட்டித் தென்னங்கீற்றால் தனிக் குடில் போடுவதே முறை. 16 சதுர மீட்டர் குடிலை இரண்டாகத் தடுத்து, ஒரு பகுதியை வித்துப் படரவும் மறு பகுதியைப் பூக்கவும் ஒதுக்கலாம். காளானின் ஓரம் மெலிந்து விரியும் முன்பே பறித்துவிட வேண்டும். பறிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

கொதிக்கும் அண்டா தவழும் குழந்தைக்குப் பெரும் ஆபத்து. வேகவைக்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஊறவைத்த தொட்டியையும் மூடி வைக்க வேண்டும். ஈக்கள் வராமல் சன்னலுக்கு நைலான் வலை அடித்தால் போதும், பூச்சிமருந்து வேண்டாம். பச்சைப் பூசணம் கண்ட படுக்கையை உடனே அப்புறப்படுத்தித் தொலைவில் புதைத்துவிட வேண்டும்.

பேறு முடிந்து உடல் தேறாத நிலையில் தாய் இவ்வேலையில் இறங்க வேண்டியதில்லை. மருத்துவர், கிராமச் செவிலியர் யோசனைப்படி, வலு வந்த பிறகு தொடங்கினால் போதும்.

விற்பனையும் வரவு செலவும்

பறித்த காளான் சாதாரண வெப்பத்தில் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மேலும் சில நாள் இருக்கும். துளையிட்ட பைகளில் அடைத்துக் காலையிலேயே விற்றுவிட வேண்டும். சீசன் காலத்தில் குற்றாலத்து உணவகங்களில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் சீசன் முடிந்தால் கூட்டமும் குறைந்துவிடும். ஆகவே தென்காசி, இலஞ்சியில் வாரந்தோறும் வாங்கும் வீடுகளையும் கடைகளையும் தொடக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மீந்ததை வெயிலில் உலர்த்தலாம். சாரல் நாளில் அதற்கு வெயில் இராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நூறு கிராம் காளானில் ஏறத்தாழ 3 கிராம் புரதம் உண்டு. வீட்டுக் குழம்புக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு விற்பதே நன்று.

தனியாக விற்க அலைவதை விடச் சேர்ந்து விற்பது எளிது. 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கிக் கூட்டாக அப்பளத் தொழில் தொடங்கினார்கள். அதுவே லிஜ்ஜத் என்ற பெரிய மகளிர் அமைப்பாக வளர்ந்தது. மாவைப் பொது இடத்தில் பிசைந்து, பெண்கள் தத்தம் வீட்டில் அப்பளம் இடுகிறார்கள். விற்பனை பொதுவில் நடக்கிறது. இதே முறையில், சுயஉதவிக் குழுவில் உள்ள தாய்மார் வித்தைச் சேர்ந்து வாங்கி, வீட்டில் தனித்தனியே வளர்த்து, ஒருவர் மூலம் விற்கலாம். விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை.

வித்து, பை, வைக்கோல், விறகு, குடில் ஆகிய செலவுகளை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். தம் உழைப்புக்கும் நாளுக்கு இவ்வளவு என்று கூலி எழுத வேண்டும். பலர் இதை எழுதுவதில்லை. எழுதாவிட்டால் ஆதாயமா, நட்டமா என்பதே தெரியாமல் போகும். பயன் முடிந்த படுக்கையை மக்க வைத்தால் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல உரம்.

கோடையில் சிப்பிக் காளான் விளைச்சல் குறையும். பங்குனி முதல் வைகாசி வரை அளவைக் குறைத்துக்கொள்ளலாம்; அல்லது 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் வளரும் பால் காளானுக்கு மாறலாம்.

குடும்பத்தார் கடமை

“வீட்டில்தானே இருக்கிறாள்” என்ற பேச்சு இன்னும் பல வீடுகளில் கேட்கிறது. சமையல், குழந்தை, மாடு, இவற்றோடு காளானையும் தாயின் தலையில் ஏற்றிவிட்டால், வீட்டு வேலை என்பது வரமாக இராது, இரட்டைச் சுமையாகிவிடும். வைக்கோல் நறுக்குவதும், அண்டாவை இறக்குவதும், சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பதும் கணவரின் பங்காக இருக்கட்டும். விற்ற பணம் தாயின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் சேரட்டும். குழந்தை அங்கன்வாடிக்குப் போகும் வயது வந்ததும், மீண்டும் நடவுக்குப் போவதா, காளானைப் பெருக்குவதா என்பதை அந்தத் தாயே முடிவு செய்யட்டும்.

காளான் வளர்ப்பில் பயிற்சி பெற விரும்பும் தாய்மார், தென்காசியை அடுத்த ஊர்மேலழகியானில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகி விவரம் கேட்கலாம். பயிற்சிக்குச் செல்லும்போது கணவரையும் உடன் அழைத்துச் செல்வது பயன் தரும்.