தங்கச்சி பாஸ்கெட்பால் ஆடுறாங்களா? 25 வயசுக்குள்ள போட வேண்டிய பணக் கணக்கு



எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டுக் கடன் பத்தியெல்லாம் நம்ம சேனல்ல நிறைய பேசியாச்சு. இன்னைக்கு கொஞ்சம் வேற மாதிரி ஒரு முதலீடு. நீங்க வேலைக்கு வந்து ரெண்டு, மூணு வருஷம் ஆகுது. தங்கச்சி காலேஜ்ல படிக்கிறாங்க, பாஸ்கெட்பால் நல்லா ஆடுறாங்க. ஷூ, பயண பேட்டா, புரோட்டீன்னு மாசாமாசம் உங்க சம்பளத்துல இருந்து ஒரு தொகை போகுது. வீட்டுல "படிப்பை மட்டும் பார்க்கச் சொல்லு, இதெல்லாம் சோறு போடுமா?"னு கேட்கிறாங்க.

அந்தக் கேள்விக்கு உணர்ச்சிவசப்படாம பதில் சொல்லணும்னா கணக்குதான் வழி. ஒரே வரியில சொல்லணும்னா: நம்ம ஊர்ல பாஸ்கெட்பால் நேரா சம்பளம் தராது, ஆனா சம்பளம் தர்ற வேலைக்கு ஒரு கதவைத் திறக்கும். அந்தக் கதவு ரொம்ப நாள் திறந்திருக்காது.

முதல்ல ஒரு நிஜ உதாரணம்: அனிதா பால்துரை

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயசுலேயே இந்தியப் பெண்கள் அணிக்கு கேப்டன் ஆனவர். 2001ல இருந்து 2017 வரைக்கும் தொடர்ந்து 9 ஆசிய சாம்பியன்ஷிப் ஆடியிருக்கார். குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பி வந்தார். 2017ல பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு ஃபைனல்ல கஜகஸ்தானை இந்தியா 75-73னு ஜெயிச்சப்போ அந்த அணியில அவரும் இருந்தார். 2021ல பத்மஸ்ரீ கிடைச்சது.

பணக் கண்ணோட இந்தக் கதையைப் பாருங்க. அவர் தெற்கு ரயில்வே ஊழியர். பெண்களுக்கு வருஷம் முழுக்கச் சம்பளம் தர்ற பாஸ்கெட்பால் லீக் நம்ம நாட்டுல இன்னும் நிலைச்சு நிற்கல. பரிசுப் பணத்தை நம்பி 16, 17 வருஷம் ஒரு குடும்பம் நடத்த முடியாது. அடிபட்டு உட்கார்ந்தாலும், குழந்தை பிறந்து ஓய்வு எடுத்தாலும் சம்பளம் தர்ற ஒரு வேலை இருந்தாத்தான் இவ்வளவு நீளமான கேரியர் சாத்தியம். தேசிய சாம்பியன்ஷிப்ல ரயில்வே பெண்கள் அணி பல வருஷமா முன்னணியில இருக்குறதுக்கும் இதுதான் காரணம். நல்லா ஆடுறவங்களுக்கு அங்க வேலை இருக்கு.

அமெரிக்காவுல எப்படி?

"கெய்ட்லின் கிளார்க் காலேஜ் படிக்கும்போதே கோடிக்கணக்குல சம்பாதிச்சாங்களே?"னு சிலர் கேட்பீங்க. உண்மைதான். 2021 ஜூலைல இருந்து அங்க காலேஜ் வீரர்கள் தங்களோட பேரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து சம்பாதிக்க அனுமதி உண்டு. அயோவா பல்கலைக்கழகத்துக்கு 4 வருஷம் ஆடி 3,951 பாயிண்ட் எடுத்த கிளார்க்குக்குப் பெரிய பிராண்டுகள் வந்து நின்னுச்சு.

ஆனா 2024ல அவர் டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குள்ள நுழைஞ்சப்போ லீக் கொடுத்த முதல் வருஷச் சம்பளம் 76,535 டாலர்தான். மீதியெல்லாம் விளம்பரம். அதாவது அங்கேயும் ஆட்டம் மட்டுமே பணக்காரர் ஆக்கல. ஆட்டத்தை வேற ஒரு வருமானமா மாத்தின விதம்தான் ஆக்குச்சு. அவங்களுக்கு அந்த வழி விளம்பரம். நம்ம ஊர் காலேஜ் வீராங்கனைக்கு அந்த வழி ஸ்போர்ட்ஸ் கோட்டா.

ஸ்போர்ட்ஸ் கோட்டா: மூணு கதவு

1. ரயில்வே. ஒவ்வொரு மண்டலமும் தனியா அறிவிப்பு விடும். இதுல எழுத்துத் தேர்வு கிடையாது. களத்துல ட்ரையல்ஸ், விளையாட்டுச் சாதனை, படிப்பு மூணுக்கும் சேர்த்துத்தான் மார்க். அதுல பெரிய பங்கு சாதனைக்கும் ட்ரையல்ஸுக்கும். சும்மா அணியில இருந்தா போதாது, லெவலுக்கு ஏத்த மாதிரி போட்டியில இடம் பிடிச்சிருக்கணும்.

2. மத்திய அரசின் மற்ற துறைகள். குரூப் 'சி' நேரடி நியமனத்துல 5% வரைக்கும் விளையாட்டு வீரர்களை எடுக்கலாம். இந்திய அணி, மாநில அணி மட்டும் இல்ல, பல்கலைக்கழக அணிக்காக இன்டர் யுனிவர்சிட்டி போட்டியில ஆடினவங்களும் தகுதியானவங்கதான். அந்தப் பட்டியல்ல பாஸ்கெட்பால் இருக்கு.

3. தமிழ்நாடு அரசு. அரசு வேலைகள்ல விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு. காவல்துறை சீருடைப் பணியாளர் தேர்வுல 10%.

வருமானம் எவ்வளவு?

ரயில்வேல லெவல் 2 வேலைன்னு வச்சுக்குவோம். அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். 2025 ஜூலை நிலவரப்படி டி.ஏ. 58%. ரெண்டும் சேர்ந்து 31,442 ரூபாய். சென்னையில போஸ்டிங்னா வீட்டு வாடகைப் படி 30%, அதாவது 5,970. மொத்தம் 37,412 ரூபாய். இதுல என்.பி.எஸ். மாதிரி பிடித்தங்கள் போகும்.

டிகிரி முடிச்சு, சாதனையும் பெருசா இருந்து லெவல் 5 கிடைச்சா அடிப்படைச் சம்பளம் 29,200. அதே கணக்குல சென்னையில 54,896 ரூபாய். 12ஆம் வகுப்போட நின்னவங்களுக்கு இந்த லெவல் கிடையாது, டிகிரி வேணும். அதனாலதான் சொல்றேன், "படிப்பா, ஆட்டமா?"ங்கற கேள்வியே தப்பு. டிகிரி இருந்தா அதே ஆட்டத்துக்கு மாசம் 17,000 ரூபாய்க்கு மேல கூடுதல் மதிப்பு.

யாரும் சொல்லாத விஷயம்: எக்ஸ்பைரி டேட்

இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இதுதான்.

ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயசு வரம்பு 18ல இருந்து 25. இதுல யாருக்கும் வயசுத் தளர்வு கிடையாது. மத்த மத்திய அரசுத் துறைகள்ல 5 வருஷம் வரைக்கும் தளர்வு உண்டு, ஆனா ரயில்வேல இல்ல.

அடுத்தது சாதனை. பொதுவா நடப்பு நிதியாண்டும் அதுக்கு முந்தின ரெண்டு நிதியாண்டும்தான் கணக்கு. காலேஜ் இரண்டாவது வருஷத்துல வாங்கின மெடலை ஃப்ரேம் போட்டு மாட்டிட்டு, டிகிரி முடிச்சு ரெண்டு, மூணு வருஷம் கழிச்சு அப்ளை பண்ணா அது செல்லாது. அறிவிப்பு வர்ற சமயத்துல ஆட்டத்துலயும் இருக்கணும்.

அதாவது இது ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி கிடக்கிற சொத்து இல்ல. நடவு பருவம் மாதிரி. தவறவிட்டா திரும்ப வராது.

ஒரு குடும்பத்தோட கணக்கு

செஞ்சி பக்கத்துல, தாளகிரீஸ்வரர் கோயில் இருக்குற பனமலையில ஒரு குடும்பம்னு கற்பனை பண்ணிக்கோங்க. அண்ணனுக்குச் சென்னையில 32,000 ரூபாய் சம்பளம். தங்கச்சி பஸ்ல போய் விழுப்புரத்துல காலேஜ் படிக்கிறாங்க, காலேஜ் டீம்ல ஆடுறாங்க. மாசச் செலவு இப்படி:

- ஷூ (வருஷத்துக்கு ரெண்டு ஜோடி, ஒண்ணு 4,500): 750
- முட்டை, பால், கோழி: 2,000
- போட்டிக்குப் போய் வர: 750
- அடிபட்டா பிசியோதெரபிக்கு ஒதுக்கி வைக்க: 500

மொத்தம் 4,000 ரூபாய். மூணு வருஷத்துக்கு 1,44,000. அண்ணன் சம்பளத்துல எட்டுல ஒரு பங்கு. சின்னத் தொகை இல்ல, அதுக்காகக் கடன் வாங்கற அளவுக்குப் பெருசும் இல்ல.

லெவல் 2 வேலை கிடைச்சா அஞ்சு மாசச் சம்பளத்துல இந்தப் பணம் திரும்பிடும். கிடைக்கலைன்னா? டிகிரி கையில இருக்கு, உடம்பு திடமா இருக்கு, 1,44,000 போயிடுச்சு. இந்த நஷ்டத்தைத் தாங்க முடியும்னாதான் இறங்கணும். ஒரு அணியில 12 பேர் இருந்தா 12 பேருக்கும் வேலை கிடைக்காது. தனிக்கடன் வாங்கியோ, அம்மாவோட நகையை அடகு வச்சோ இதைப் பண்ணாதீங்க. உங்க மூணு மாச எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க.

வருஷா வருஷம் பார்க்க வேண்டியது

முதல் வருஷம்: காலேஜ் டீம்ல இடம் உறுதியா? முதலமைச்சர் கோப்பையில காலேஜ் மாணவர்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. மாவட்ட அளவுல ஆரம்பிச்சு மாநில அளவு வரைக்கும் போகலாம், ஜெயிச்சா பரிசுப் பணமும் உண்டு.

இரண்டாவது வருஷம்: பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானாங்களா? அங்க போனாதான் தென்மண்டலப் போட்டி, அகில இந்தியப் போட்டி. 2020ல தொடங்கின கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிக்கும் அதுதான் படிக்கட்டு.

மூணாவது வருஷம்: சான்றிதழ்கள். மத்திய அரசு வேலைக்குப் பல்கலைக்கழக அளவுச் சான்றிதழ் படிவம் 3ல இருக்கணும், பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி கையெழுத்து போடணும். பிரைஸ் கொடுத்த மேடையில வாங்கின வண்ணச் சான்றிதழ் மட்டும் போதாது. போட்டி முடிஞ்ச உடனே வாங்கிடுங்க. அதிகாரி மாறிட்டா அலைச்சல்.

இரண்டாவது வருஷ முடிவுல பல்கலைக்கழக அணிக்குப் போகலைன்னா, தங்கச்சியோட உட்கார்ந்து பேசுங்க. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லாதீங்க. அந்த 4,000ல பாதியை டி.என்.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி. கோச்சிங்குக்குத் திருப்பலாமானு கேளுங்க. முடிவு அவங்களோடதா இருக்கட்டும். களத்துல ஓடுறது அவங்க கால்.

முழங்காலுக்கு இன்சூரன்ஸ்

பாஸ்கெட்பால்ல பெண்களுக்கு முழங்கால் ஏ.சி.எல். லிகமென்ட் கிழியுற ஆபத்து ஆண்களைவிட அதிகம். ஆபரேஷன் பண்ணா திரும்பக் களம் இறங்க 9 மாசம்கூட ஆகலாம். அந்த ஒரு அடி, நாம போட்ட மொத்தக் கணக்கையும் கலைச்சிடும்.

ஹெல்த் பாலிசியில விபத்துக்கு 30 நாள் காத்திருப்பு கிடையாது. மலையேற்றம், ஸ்கூபா டைவிங் மாதிரி அபாய விளையாட்டுல தொழில்முறையா ஈடுபடுறவங்களுக்கு விலக்கு இருக்கும். அந்த வரிசையில பாஸ்கெட்பால் பேர் இல்ல. தனிநபர் விபத்து பாலிசி எடுத்தா மட்டும் 'தொழில்முறை விளையாட்டு' விலக்கு இருக்கானு படிச்சுப் பாருங்க. உங்க ஆபீஸ் குரூப் பாலிசியில பெரும்பாலும் தங்கச்சியைச் சேர்க்க முடியாது, அவங்களுக்குத் தனியா எடுத்துடுங்க.

கடைசியா

"இதெல்லாம் சோறு போடுமா?"னு வீட்டுல கேட்டா, "போடும்னு உறுதி இல்ல. ஆனா 25 வயசுக்குள்ள, மூணு வருஷத்துக்குள்ள வாங்கின சாதனையோட, டிகிரியோட போனா கதவு திறக்க வாய்ப்பு இருக்கு. அதுக்கு நான் 1,44,000 ரூபாய் ஒதுக்கியிருக்கேன்"னு சொல்லுங்க. தொகையும் தேதியும் சேர்த்துச் சொன்னா, வீட்டுல சண்டை பாதி குறையும்.

விதிமுறைகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறலாம், எட்டாவது ஊதியக் குழு வந்தா சம்பளக் கணக்கும் மாறும். அப்ளை பண்றதுக்கு முன்னாடி அந்த வருஷ அறிவிப்பை முழுசாப் படிங்க. கபடி, வாலிபால், தடகளம் ஆடுற தம்பி தங்கச்சிகளுக்கும் இதே கணக்குதான். உங்க வீட்டுல யாராவது ஆடுறாங்கன்னா, என்ன விளையாட்டு, எந்த வருஷம் படிக்கிறாங்கனு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல அதை வச்சே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.