பழைய வீடு வாங்கி விற்றல்: இலாபம் எங்கே இருக்கிறது?

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அதனோடு, “பழைய வீட்டை வாங்கிப் பார்” என்பதையும் இன்று சேர்த்துக்கொள்ளலாம். பழுதுபட்ட வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, செப்பனிட்டு, கூடுதல் விலைக்கு விற்பது மேலை நாடுகளில் தனித் தொழிலாகவே நடந்துவருகிறது. நம் தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன குடும்பங்களின் பூட்டிய வீடுகள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. எனவே, சொந்தத் தொழில் பற்றி எண்ணும் மாணவ நண்பர்கள் இதன் அடிப்படைகளை அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின் அங்கே நிலத்தின் விலை ஏறியது. (2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும் வரை ஓசூர் நம் மாவட்டத்தைச் சேர்ந்ததே.) அங்கு நிலம் வைத்திருந்தவர் பெற்ற இலாபம் காத்திருந்ததன் பயன், உழைப்பின் பயனன்று. நாம் பேசும் தொழிலோ, வீட்டின் குறையைக் கண்டறிந்து, அதைத் தீர்த்து, அதற்குரிய கூலியைப் பெறுவது. அந்தக் குறை சுவரில் மட்டும் இருப்பதில்லை, பத்திரத்திலும் இருக்கும்.

பத்திரமே அடித்தளம்

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனைகளின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தின் மூலமே செல்லும். வெறும் பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்பதை 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே மூலப்பத்திரம், பட்டா, வீட்டுவரி இரசீது, குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்த்த பிறகே முன்பணம் தர வேண்டும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. பதிவானவை மட்டுமே அதில் தெரியும். குடியிருப்பவரின் உரிமையையும், பதிவாகாத வாரிசுப் பங்கையும் அது காட்டாது. உயில் எழுதாமல் இறந்த இந்துத் தந்தையின் தனிச் சொத்தில், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்கு உரிமை தரும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-இலேயே கொண்டுவந்தது; 2005-இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. “தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவள் ஒன்றும் கேட்க மாட்டாள்” என்று அண்ணன் சொல்வதை நம்பி வாங்குபவர், பின்னர் நீதிமன்றப் படியேற நேரும். வாரிசுச் சான்றில் உள்ள அனைவரும் கையெழுத்திட வேண்டும். அவரவர் பங்குப் பணம் அவரவர் கைக்கே சேர வேண்டும். இது சட்டத்துக்கு மட்டுமன்று, நம் மனச்சாட்சிக்கும் காப்பு.

செப்பனிடும் முறை

நம் பகுதியின் பழைய ஓட்டு வீடுகளில் மண்சுவரும் சுண்ணாம்புச் சாந்தும் மிகுதி. அவற்றின் மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசினால் உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். சில மழைக்காலங்களில் பூச்சு பெயர்ந்து விழும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. முதலில் கூரை ஒழுகலையும் அடித்தள ஓதத்தையும் நிறுத்துதல், அடுத்துக் கரையான் அரித்த மரத்தை மாற்றுதல், பின்னர் மின்கம்பி, கழிப்பறை, கடைசியில் வண்ணம் என்பதே முறை.

நம் மாவட்டத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. அதனாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. வீட்டுக்குக் காவிரிக் குழாய் இணைப்பு இருக்கிறதா என்று கேட்பவர், பளிங்குத் தரையைக் கண்டு மயங்குபவரைவிட விவரமானவர்.

கணக்கு

எடுத்துக்காட்டாக, 12 இலட்சத்துக்கு ஒரு வீட்டை வாங்கி, 3 இலட்சம் செலவிட்டு, 18 இலட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோம். மூன்று இலட்சம் இலாபம் போலத் தோன்றும். செலவுகளை எழுதிப் பார்ப்போம்.

முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்றுத் தீர்வையும் சேர்ந்து 7 விழுக்காடு. 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக 9 விழுக்காட்டுக்கு ரூ.1,08,000. வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு 2 விழுக்காடு எனக் கொண்டால் ரூ.60,000. ஆறு இலட்சம் கடனுக்கு 12 விழுக்காட்டில் ஓராண்டு வட்டி ரூ.72,000. இவை போக மிஞ்சுவது ரூ.60,000 மட்டுமே. அதற்கும் வருமான வரிக் கணக்குக் காட்ட வேண்டும்.

இதே வீடு நான்கு மாதத்தில் விற்றால் மிச்சம் ரூ.1,08,000. இரண்டாண்டு விற்காமல் கிடந்தாலோ ரூ.12,000 நட்டம். வீடு பூட்டிக் கிடந்தாலும் வட்டிக்கு ஓய்வில்லை. அமெரிக்காவில் விலை ஏறிக்கொண்டே போகும் என நம்பிக் கடனில் வீடு வாங்கியோர் பலர், 2006-க்குப் பின் விலை சரியத் தொடங்கியதும் கடனைக் கட்ட இயலாது தவித்தனர். 2008-ஆம் ஆண்டு நெருக்கடிக்கு அது ஒரு முக்கியக் காரணமாயிற்று.

தொடங்குவது எப்படி?

எனவே உடனே பணத்தை இறக்க வேண்டாம். தெரிந்த ஊர் ஒன்றைத் தேர்ந்து, ஆறு மாதம் அங்கு விற்ற வீடுகளின் உண்மை விலையை விசாரித்துக் குறித்து வரலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துப் பழகலாம். ஒரு நல்ல கொத்தனாரோடும் அனுபவமுள்ள வழக்கறிஞரோடும் பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளலாம். பின் விற்கக்கூடிய விலையிலிருந்து எல்லாச் செலவையும் கழித்து, எஞ்சும் தொகைக்குள் வீடு கிடைத்தால் மட்டுமே வாங்க வேண்டும்.

இலாபம் விற்கும் நாளில் பிறப்பதன்று. வாங்கும் நாளிலேயே பிறப்பது. ஆனால், கல்யாணக் கடனுக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ வீட்டை விற்க வரும் குடும்பத்தின் அவசரத்தை நம் இலாபமாக்கிக்கொள்வது வாணிகமாகாது. ஒழுகும் கூரையைச் சரிசெய்து சம்பாதிப்போம். ஒருவர் கண்ணீரைக் கொண்டு சம்பாதிக்க வேண்டாம்.