காலப் பயண நகைச்சுவையும் குடிமக்களின் இடமும்

காலத்தைக் கடந்து செல்லும் பொறியை வைத்துப் புனையப்படும் நகைச்சுவைப் படங்களைச் சிறுவர் விளையாட்டென ஒதுக்குவோர் பலர். எனினும், ஓர் ஊர் முன்பு எவ்வாறு இருந்தது, இனி எவ்வாறு ஆகலாம் என்று காட்டுவது அரசியல் பேசுவதேயாகும். அவ்வூரில் யாருக்கு எவ்விடம் அளிக்கப்பட்டுள்ளது என்பது அதனினும் உற்று நோக்கத்தக்கது.

ராபர்ட் செமெக்கிஸ் இயக்கத்தில் 1989-இல் வெளிவந்த 'பேக் டு த பியூச்சர்' இரண்டாம் பாகம் இதற்கு நல்ல சான்று. பிஃப் என்னும் முரடன், விளையாட்டு முடிவுகள் அடங்கிய நூலொன்றை 2015-ஆம் ஆண்டிலிருந்து கொண்டுபோய், 1955-இல் இளைஞனாக இருக்கும் தன்னிடமே கொடுத்துவிடுகிறான். பந்தயத்தில் குவித்த பணத்தால் சூதாட்ட மாளிகை எழுகிறது. ஊர்க் காவலும் அவன் கைக்குள் அடங்குகிறது. அறமற்ற செல்வம் ஆட்சியை விலைக்கு வாங்கும் விதத்தைக் கூறும் இப்பகுதியின் அங்கதம் கூர்மையானது. பிஃபின் படைப்பில் டொனால்ட் டிரம்பை மனத்திற்கொண்டதாகக் கதாசிரியர் பாப் கேல் 2015-இல் கூறினார். அடுத்த ஆண்டே டிரம்ப் அதிபர் தேர்தலில் வென்றார்.

பணத்தைப் பற்றித் தெளிவாகப் பேசும் இப்படம், மக்களைக் காட்டுமிடத்தில் தடுமாறுகிறது. மாறிப்போன ஊரில் நாயகன் தன் வீட்டினுள் நுழைகிறான். அங்கே கருப்பினக் குடும்பம் ஒன்று வாழ்கிறது. ஊர் கெட்டதற்கு அவர்களே அடையாளம் போலக் காட்சி அமைகிறது. ஆனால், வீட்டை விற்கமாட்டேன், அச்சுறுத்தலுக்குப் பணியமாட்டேன் என்று முழங்கும் அத்தந்தை, பிஃபின் ஊரில் துணிந்து நிற்கும் குடிமகன் அன்றோ! படமோ அவரைக் கணநேர அச்சத்திற்கும் சிரிப்பிற்கும் பயன்படுத்திவிட்டு மறந்துவிடுகிறது. நாயகனின் காதலி ஜெனிஃபரும் தொடக்கத்திலேயே மயக்கத்தில் ஆழ்த்தப்பட்டு, கதையின் பெரும்பகுதியில் உறங்குகிறாள்.

தமிழில் 2015-இல் வெளிவந்த 'இன்று நேற்று நாளை', காலப் பொறியைச் சோதிடத் தொழிலுக்குப் பயன்படுத்தும் நண்பர்களைக் காட்டி நகைக்க வைத்தது. மண்ணுக்கேற்ற நகைச்சுவை அது.

சிங்கப்பூரில் இத்தகைய கதைக்கு ஜூரோங்கினும் பொருத்தமான இடம் அரிது. சதுப்பும் காடுமாக இருந்த அப்பகுதியில் 1961-இல் தொழிற்பேட்டைப் பணி தொடங்கியபோது, 'கோவின் மடமை' என்று நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் பெயரால் அதை எள்ளினர். இன்று அங்கே ஆலைகளும் அடுக்கு வீடுகளும் நிறைந்துள்ளன. அம்மாற்றத்தைப் படமாக்குவோர் அமைச்சரை மறவார். மேட்டைச் சமன்செய்த தொழிலாளியையும், இடம்பெயர்ந்த கிராமத்தாரையும் சன்னலில் தோன்றி மறையும் முகங்களாக விட்டுவிடுவரோ, பேச வைப்பரோ? படத்தின் அரசியலை அளக்கும் கோல் அதுவே. வகுப்பறையில் திரைப்படத்தைத் திறனாய்வு செய்யும் மாணவர்க்கும் இக்கேள்வியையே முதலில் கற்பித்தல் வேண்டும்.